ஐசியுவில் தூக்கமும் ஒரு சிகிச்சைதான்

காலையில் நோயாளியைப் பார்க்க உள்ளே வரும் உறவினர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "சிஸ்டர், ராத்திரி நல்லா தூங்கினாரா?" என்பதுதான். "நல்லா தூங்கினார்" என்று பதில் வரும். நர்ஸிங் குறிப்பிலும் அதுதான் எழுதியிருக்கும். அதையே நோயாளியிடம் கேட்டால், "எங்கம்மா தூங்கினேன், கண்ணே மூடலை" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது மூடிய கண்ணும் சீரான மூச்சும் மட்டும். ஆழ்ந்த தூக்கமா, அரைத் தூக்கமா, வெறுமனே கண்ணை மூடிப் படுத்திருக்கிறாரா என்பது மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். எந்த ஐசியுவிலும் தினமும் எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை.

பல வருடங்களாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி நைட் டியூட்டி. அந்த இரவுகளில் கற்றுக்கொண்டதை உறவினர்களுக்கும், இந்தப் பிரிவுக்குப் புதிதாக வரும் தங்கைகள் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஐசியுவில் தூக்கம் சௌகரியம் சார்ந்த விஷயம் இல்லை. ஆன்டிபயாடிக், ஆக்ஸிஜன் மாதிரி அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும், சார்ட்டில் எழுத வேண்டும், யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக் காக்க வேண்டும்.

நோயாளி எப்படித் தூங்கினார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ரிச்சர்ட்ஸ் கேம்பெல் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 5 கேள்விகள். தூக்கம் ஆழமாக இருந்ததா, படுத்ததும் வந்ததா, அடிக்கடி விழித்தீர்களா, விழித்தபின் மறுபடி தூங்க முடிந்ததா, மொத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஒரு கோட்டில் குறிக்கச் சொல்ல வேண்டும். நோயாளி குறித்ததையும் அதே இரவுக்கு நர்ஸ் குறித்ததையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நர்ஸ் கொடுக்கும் மதிப்பெண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கிறது. அதனால் பேசவோ எழுதவோ கை காட்டவோ முடிகிற நோயாளியிடம் நேராகக் கேட்டுவிடுவதே நல்லது. "தூங்கினீங்களா?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க? எதனால முழிச்சீங்க?" என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

ஐசியுவில் நோயாளிகள் தூங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் பலருக்குத் தூக்கத்தின் மொத்த அளவு சாதாரண மனிதர்களுக்கு நிகராகவே வந்துவிடும். ஆனால் அதில் பாதி பகலில் போய்விடுகிறது. மீதியும் துண்டு துண்டாக இருக்கிறது. ஒரு முழுத் தூக்கச் சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம் வேண்டும். லேசான தூக்கத்தில் தொடங்கி, ஆழத்துக்கு இறங்கி, கனவு காணும் நிலைக்கு வந்து முடிய அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் யாராவது எழுப்பிவிட்டால் மறுபடி மேலேயிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் ஐசியு நோயாளிகளுக்கு லேசான தூக்கம் நிறைய வருகிறது. உடம்பைத் தேற்றும் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மிகக் குறைவாக இருக்கின்றன, சிலருக்கு இல்லாமலே போய்விடுகின்றன.

யார் எழுப்புகிறார்கள்? பெரும்பாலும் நாங்கள்தான். 2004ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஐசியு நோயாளிகளின் 147 இரவுகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணிக்குள் ஒரு நோயாளியைச் சராசரியாக 43 தடவை யாராவது வந்து தொட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் யாரும் தொடாமல் விட்ட இடைவெளி அந்த 147 இரவுகளையும் சேர்த்து வெறும் 9 தடவைதான் கிடைத்திருக்கிறது. தினசரி உடம்பு துடைத்துவிடும் வேலையில் பாதிக்கு மேல் இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவில் நடந்திருக்கிறது. முதல் முறை படித்தபோது எங்கள் வார்டைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது.

மயக்க மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெண்டிலேட்டரில் (செயற்கையாக மூச்சு கொடுக்கும் மெஷின்) இருப்பவருக்கு மிடசோலம், ப்ரொபோஃபால் போன்ற மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, "பாவம், நிம்மதியாத் தூங்கட்டும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். அந்த ஆறுதலைக் கெடுக்க மனசு வராது. இருந்தாலும் அது தூக்கம் இல்லை. இந்த மருந்துகள் மூளையை அமர்த்துகின்றன, அவ்வளவுதான். ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் இவை குறைத்தும் விடலாம். டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மருந்தில் வரும் மூளை அலைகள் இயல்பான தூக்கத்தின் ஒரு கட்டத்தை ஓரளவு ஒத்திருக்கின்றன. அதுவும் முழுத் தூக்கத்துக்கு ஈடாகாது. நாள்கணக்காக மயக்கத்தில் இருந்தவர் கண் விழித்ததும், "இத்தனை நாள் தூங்கினவருக்கு இன்னும் என்ன தூக்கம்?" என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அவர் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கலாம்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். நிமோனியா வந்து வெண்டிலேட்டரில் இருந்தவர். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்ததால் பேச முடியாது. கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்திருந்தோம். வெண்டிலேட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும் கட்டம் அது. பகலில் சிறிது நேரம் தானாக மூச்சு விடச் சொல்வோம், களைத்துப்போனதும் மறுபடி மெஷினில் இணைப்போம். நாளுக்கு நாள் அந்த நேரம் கூட வேண்டும். அவருக்குக் கூடவே இல்லை. சிலேட்டில் திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதிக் காட்டுவார்: "மணி என்ன?" பதில் சொன்னால் அடுத்து எழுதுவார்: "பகலா ராத்திரியா?" அப்புறம் ஒருநாள் மேற்கூரையைக் கையால் காட்டி "எறும்பு" என்று எழுதினார். நிறைய எறும்பு ஊர்வது போல விரலை ஆட்டிக் காட்டினார். டெலிரியம், அதாவது நோயின்போது திடீரென்று வரும் மனக்குழப்பம், தொடங்கிவிட்டது.

அந்த இரவு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரை எதெல்லாம் எழுப்புகிறது என்று கவனித்தேன். முதலில் கண்ணில் பட்டது ரத்த அழுத்தப் பட்டை. பிரஷர் நிலையாக இல்லாத நாட்களில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அளக்கும்படி மானிட்டரில் வைத்திருந்தது. பிரஷர் சரியாகி நாளாகியும் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை பட்டை உப்பிக் கையை இறுக்கும்போதும் அவர் புருவம் சுருங்கியது. மருந்தைச் சீராக ரத்தக்குழாயில் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் அவர் காதுக்கு மிக அருகில் இருந்தது. மருந்தை ஆவிபோல மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் இரவு 2 மணிக்கு. ரத்த சாம்பிள் 4 மணிக்கு, காலை ரவுண்ட்ஸுக்கு முன் ரிசல்ட் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. பக்கத்துக் கட்டிலுக்குப் போட்ட விளக்கு இவர் முகத்தில் அடித்தது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமான வேலைதான். எல்லாம் சேர்ந்தபோது அந்த மனிதருக்கு இரவு என்று ஒன்றே இல்லாமல் போயிருந்தது.

நைட் டியூட்டி டாக்டரும் நானும் சார்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாகப் பார்த்தோம். மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரும் ஒத்துக்கொண்டார். இரவு 12 மணியிலிருந்து 4 மணி வரை, அவசரம் வந்தாலொழிய, அவரை யாரும் தொடுவதில்லை என்று முடிவானது. பிரஷர் அளப்பது மணிக்கு ஒருமுறையாக மாறி, பிறகு அந்த நான்கு மணி நேரத்தில் இன்னும் குறைந்தது. நெபுலைசரை 12க்கு முன்பும் காலை 6 மணிக்கும் மாற்றினோம். சாம்பிள் 5 மணிக்கு மேல். சக்ஷன் (குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது), வாய் சுத்தம் செய்வது, புரட்டிப் படுக்க வைப்பது, வலிக்கு மருந்து எல்லாவற்றையும் 11 மணியிலிருந்து 12க்குள் ஒரே தடவையில் முடித்துக்கொண்டோம். இரவில் வெண்டிலேட்டர் முழுசாகத் துணை கொடுக்கும்படி டாக்டர் செட்டிங்கை மாற்றினார். சில முறைகளில் மெஷின் கொடுக்கும் அழுத்தம் தேவைக்கு மேல் போய்விட்டால் தூக்கத்தில் மூச்சு நடுநடுவே நின்று, அதனாலேயே விழிப்பு வரும். வெண்டிலேட்டரும் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பது ஐசியுவில் வேலை செய்பவர்களிலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இல்லை.

முதல் இரவிலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாட்களில் எறும்பு போய்விட்டது. பகலில் தானாக மூச்சு விடும் நேரம் மெல்லக் கூடியது. தூக்கம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் கிருமித்தொற்றும் அடங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மூச்சுக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2020ல் வெளியான ஓர் ஆய்வில் நோயே இல்லாத ஆண்கள் 20 பேரை ஓர் இரவு முழுக்க விழித்திருக்க வைத்து, மூச்சை உள்ளிழுக்கும் தசைகளின் தாக்குப்பிடிக்கும் திறனைச் சோதித்தார்கள். நன்றாகத் தூங்கிய நாளோடு ஒப்பிட்டால் அது பாதியாகக் குறைந்திருந்தது. ஆரோக்கியமான ஆளுக்கே ஒரே இரவில் இப்படி என்றால், வாரக்கணக்கில் படுத்திருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "ஏன் இவருக்கு மெஷினை எடுக்க முடியலை?" என்ற கேள்வி வரும்போது எக்ஸ்ரே, ரத்த அறிக்கைகளோடு சேர்த்து நேற்று இரவுத் தூக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சத்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நோயாளிகள் இருக்கும் அறையில் இரவுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஐசியுக்களில் இரவில் அளந்தால் 50, 60 என்று வருவது சாதாரணம். சாதனங்களின் அலாரம் ஒரு பக்கம் என்றால், நாங்கள் எழுப்பும் சத்தமே கணிசம். காலால் மிதிக்கும் குப்பைத்தொட்டியின் மூடி டப்பென்று விழுவது, ஸ்டீல் ட்ரேயை மேஜையில் வைப்பது, பிளாஸ்டரைச் சர்ரென்று கிழிப்பது, செல்போன் மணி. இவை எல்லாவற்றையும் விட மோசமானது பேச்சு. இயந்திரச் சத்தம் கொஞ்ச நாளில் பழகிவிடும், மனிதக் குரலைக் காது விடாது. அதிலும் தன் பெயரோ தன் கட்டில் எண்ணோ காதில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், என்ன பேசுகிறார்களோ என்ற பயத்தில் மிச்ச இரவும் போய்விடும். கட்டில் அருகே நின்றுதான் அடுத்த டியூட்டி நர்ஸுக்கு ஹேண்டோவர் கொடுக்க வேண்டும் என்றால் தாழ்ந்த குரலில், அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுக்கலாம்.

அலாரத்தை அணைத்து வைக்கக் கூடாது, அது ஆபத்து. ஆனால் அலாரம் அடிக்கும் எல்லையை அந்த நோயாளிக்குத் தகுந்த மாதிரி டாக்டரைக் கேட்டு அமைக்கலாம். ஈசிஜி பட்டைகளைத் தினமும் மாற்றினாலே பொய் அலாரங்கள் நன்றாகக் குறையும். மருந்து தீரப்போகிறது என்று பம்ப் கத்துவதற்கு முன்பே அடுத்த சிரிஞ்சைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். தூங்கும் நேரம் தொடங்குவதற்கு முன் ஒரு சுற்று வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டால் பாதி அலாரம் அடிக்காது.

சத்தத்தை நிறுத்திவிட்டால் தூக்கம் வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. மூளை அலைகளையும் சத்தத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து பார்த்த ஆய்வுகளில், விழிப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே சத்தம் காரணமாக இருந்தது. நோய், வலி, மருந்துகள், குழம்பிப்போன உடல் கடிகாரம் எல்லாம் சேர்ந்துதான் மீதி.

உடல் கடிகாரத்துக்கு மருந்து வெளிச்சம்தான். பகலில் திரையை விலக்கி நன்றாக வெளிச்சம் வர விட வேண்டும். முடிகிறவர்களை உட்கார வைக்க வேண்டும், நாற்காலிக்கு மாற்ற வேண்டும், பிசியோதெரபி நடக்க வேண்டும். பகல் முழுக்க மங்கலான அறையில் படுத்திருப்பவருக்கு இரவில் தூக்கம் எங்கிருந்து வரும்? இரவில் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு, சாம்பிள் எடுக்கும்போது சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டால் போதும். கண்ணுக்கு நேராகத் தெரியும்படி ஒரு கடிகாரம் வேண்டும். நான் சொன்ன பெரியவரின் தலைக்குப் பின்னால் சுவரில் கடிகாரம் இருந்தது, அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. கால்மாட்டில் ஒன்று வைத்து, அவர் மகளைக் கேட்டு மூக்குக்கண்ணாடியையும் வரவழைத்தோம். "மணி என்ன?" என்று எழுதுவது அதோடு குறைந்தது.

காதடைப்பான், கண்பட்டை இரண்டும் விலை மலிவானவை, பலருக்கு உதவுபவை. 2012ல் பெல்ஜியத்தில் 136 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், இரவில் காதடைப்பான் வைத்தவர்களுக்குக் குழப்பம் குறைவாக இருந்தது. ஆனால் நோயாளி விரும்பினால்தான் வைக்க வேண்டும். தானே கழற்ற முடியாத ஆளுக்குக் காதையும் கண்ணையும் மூடிவிட்டால் பயம்தான் கூடும். ஏற்கெனவே குழம்பியிருப்பவருக்கு வேண்டவே வேண்டாம். காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

உறவினர்கள் செய்யக்கூடியது நிறைய. அவர் வீட்டில் எத்தனை மணிக்குப் படுப்பார், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார், விளக்கு வேண்டுமா, தலையணை எத்தனை என்று நர்ஸிடம் சொல்லுங்கள். கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் இருந்தால் கேட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள். பார்க்க வரும்போது இன்று என்ன கிழமை, வெளியே காலையா மாலையா, வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று சாதாரணமாகப் பேசுங்கள். மாலையில் அசந்து தூங்கினால் மெதுவாகப் பேச்சுக் கொடுக்கலாமா என்று நர்ஸைக் கேளுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். வீட்டில் தினமும் தூக்க மாத்திரை போடுபவரா, தினமும் மது அருந்துபவரா, குறட்டைக்காக இரவில் முகமூடி மெஷின் வைத்துக்கொள்பவரா என்பதை முதல் நாளே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பழகிய மாத்திரையோ மதுவோ திடீரென்று நின்றால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். அது நோயால் வந்ததா, நின்றதால் வந்ததா என்று தெரியாமல் சிகிச்சை தாமதமாகும். சங்கடமாக இருக்கிறதென்று சொல்லாமல் விடும் குடும்பங்கள் உண்டு. எங்களுக்கு அதில் எந்தத் தீர்ப்பும் இல்லை, தகவல்தான் வேண்டும்.

"ஒரு தூக்க மாத்திரை கொடுத்துடுங்களேன் சிஸ்டர்" என்ற வேண்டுகோளும் அடிக்கடி வரும். ஐசியுவில் அது அவ்வளவு எளிதில்லை. லோராசெபாம் வகை மாத்திரைகள் டெலிரியத்தைக் கூட்டக்கூடும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாக. தூக்கத்துக்காக மட்டும் ப்ரொபோஃபால் கொடுக்க வேண்டாம் என்று ஐசியு சிகிச்சைக்காக 2018ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. அதற்கு முன்பு 2013ல் வந்த பதிப்பு வலி, பதற்றம், டெலிரியம் மூன்றையும் தலைப்பாகக் கொண்டது. 2018ல்தான் அசைவின்மையும் தூக்கக் குலைவும் தலைப்பிலேயே இடம் பிடித்தன. வேலைகளைத் தொகுப்பது, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைப்பது போன்றவற்றைச் சேர்த்த ஒரு தூக்கத் திட்டத்தை வார்டே வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பரிந்துரை. மாத்திரை அதற்கு அப்புறம் யோசிக்க வேண்டியது.

புதிதாக வருபவர்களிடம் ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். இரவில் கட்டிலை நெருங்கும்போது, இந்த வேலை இப்போதே நடந்தாக வேண்டுமா என்று ஒரு நொடி யோசியுங்கள். இன்சுலின் ஓடிக்கொண்டிருப்பவருக்கு மணிக்கொரு தடவை சுகர் பார்த்தே ஆக வேண்டும். தலையில் அடிபட்டவரை எழுப்பிக் கண்மணியையும் கை கால் அசைவையும் பார்த்தே ஆக வேண்டும். படுக்கைப்புண் வரும் ஆபத்து உள்ளவரைப் புரட்டியே ஆக வேண்டும். உயிரைக் காக்கும் வேலைக்கு முன்னால் தூக்கம் காத்திருக்கட்டும். ஆனால் வெறும் வழக்கத்துக்காக நடக்கும் வேலைகளும் இதே வரிசையில் ஒளிந்திருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து டாக்டரிடம் கேட்பது நம் வேலை. "டாக்டர், இந்த ரெண்டு மணி நெபுலைசர் அவசியமா?" என்று கேட்டதற்காக யாரும் என்னைக் கோபித்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் தூக்கம் திரும்பிவிடும் என்று குடும்பம் எதிர்பார்க்கும். பலருக்கு மாதக்கணக்கில் ஆகும். கெட்ட கனவுகள் வரும், இரவில் திடுக்கிட்டு எழுந்து குழாயைத் தேடுவார்கள், படுக்கவே பயப்படுவார்கள். மேற்கூரை எறும்பு மாதிரி ஐசியுவில் கண்டதை நிஜம் என்றே நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. "அதெல்லாம் உன் பிரமை" என்று ஒரே வரியில் அடக்காமல் அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். அன்று உண்மையில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், எந்த நாள் குழாய் எடுத்தார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஐசியுவில் இருந்த நாட்களில் தினமும் நான்கு வரி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் இப்போது பெரிதும் உதவும். காலையில் ஒரே நேரத்துக்கு எழுப்புங்கள், பகலில் கொஞ்சம் வெளிச்சத்தில் நடக்க விடுங்கள். சில வாரமாகியும் தூக்கம் சரியாகவில்லை என்றாலோ, பயமும் சோர்வும் கூடினாலோ, அடுத்த செக்கப்பில் நுரையீரலையும் இதயத்தையும் பற்றிப் பேசும்போது இதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.